சொலோவில் விமானம் துள்ளினால்: ரத்மலானையில் பழகும் மாணவ விமானிகளுக்கு முழுமையான வழிகாட்டி

என்னுடைய மூன்றாவது சொலோவில், அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியே பறந்ததில், செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றின் முன்சக்கரக் காலை வளைத்துவிட்டேன். இடம் கொழும்புக்குத் தெற்கேயுள்ள ரத்மலானை விமான நிலையம், நேரம் பின்னேரம் மூன்று மணி தாண்டி. மழை இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சாட்டுச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை தரையைத் தட்டியது மெதுவாகத்தான், இரண்டாவது கொஞ்சம் பலம், மூன்றாவதில் முன்சக்கரம் முந்திக்கொண்டு போய் விழுந்தது. தகரக் கதவை யாரோ காலால் உதைத்ததுபோல ஒரு சத்தம்.

ஹேங்கருக்கு முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். பயிற்றுநர் ஏசப்போகிறார் என்று நினைத்தேன், அவர் ஏசவில்லை. சுற்றிவந்து முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, ரெண்டாந்தரம் தட்டினபோது உம்மட வலது கை எங்க இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். "யோக்கில, சேர்."

மூக்கை ஏற்றி இறக்கும் பிடிதான் யோக், அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலில் யாருமே இல்லை.

நான் எழுதப்போவது முழுக்க அந்த வலது கையைப் பற்றித்தான். முதல் துள்ளல் விமானத்தை உடைப்பது அரிது, அதைத் திருத்தப்போய் வரும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் உடைக்கும். கீழே தரும் கணக்குகள் 152 க்கு உரியவை. நீங்கள் 172 இலோ வேறு ஒன்றிலோ பழகினால் அந்த விமானத்தின் கைநூலில் உள்ள எண்தான் எண், உங்கள் பயிற்றுநர் சொல்வதுதான் சட்டம்.

துள்ளல் எப்படி உண்டாகிறது

டயர் பந்துபோல எகிறுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். டயருக்கும் காலின் கம்பிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு இறக்கைக்குத்தான். இந்த விமானங்களில் பிரதான சக்கரங்கள் இரண்டும் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. அவை முதலில் தொட்டால் மூக்கு தானாகக் கீழே சாயும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும், தூக்குவிசை குறையும், விமானம் தரையில் ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரம் முதலில் தொட்டால் எல்லாம் தலைகீழ். மூக்கு மேலே எறியப்படும், கோணம் கூடும், போதிய வேகமும் கையில் இருப்பதால் விமானம் திரும்பப் பறக்கத் தொடங்கும். பயந்துபோன மாணவன் மூக்கை அமுக்குவான். அவன் அமுக்கியது வேலைசெய்யும் நேரத்தில் விமானம் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும், ஆகவே முன்சக்கரம் இன்னும் பலமாகப் போய் அடிக்கும். அடுத்த எறிதல் இன்னும் உயரம். கை எப்போதும் விமானத்துக்கு அரை விநாடி பின்னால் ஓடுகிறது, அதனால் ஒவ்வொரு திருத்தமும் துள்ளலுக்குத்தான் தீனி போடுகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

படி 1: வீட்டிலிருந்தே காற்றைப் பாருங்கள்

ரத்மலானையின் ஓடுபாதை 04/22, அதாவது திசைகாட்டியில் ஏறத்தாழ 40 பாகையும் 220 பாகையும். வடகிழக்கு நோக்கி ஒரு முனை, தென்மேற்கு நோக்கி மறு முனை. தென்மேற்கு முனைக்கு அப்பால் கொழும்பு-காலி வீதி, ரயில் பாதை, பிறகு கடல். மறுபக்கம் அத்திடிய, பெல்லன்வில சதுப்பு நிலம். யாழ்ப்பாணத்தில் சோளகம் என்கிறோமே, அந்தத் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் 22 இல் இறங்குவீர்கள், வாடை காலத்தில் 04 இல். பாதையைப் போட்டவர்கள் பருவக்காற்றைப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். (1935 நவம்பர் 27 இல் இங்கே முதன்முதலாக இறங்கியவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ, ஒரு புஸ் மொத் விமானத்தில். இந்த நிலையத்தின் முதல் தரையிறக்கமே ஒரு பயிற்றுநருடையது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.)

மாணவனுக்குச் சிக்கல் கொடுப்பது பருவக்காற்றைவிடக் கடல்காற்றுத்தான். காலையில் அசையாமல் கிடக்கும் காற்று, தரை சூடேறியதும் மேற்கிலிருந்து வரத் தொடங்கும். 22 இல் இறங்குகிறீர்கள், காற்று 270 பாகையிலிருந்து 12 நொட் என்று வையுங்கள் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 50 பாகை வித்தியாசம். பக்கக் காற்று ஏறத்தாழ 9 நொட் வரும், எதிர்க்காற்றாகக் கிடைப்பது 8 நொட் மட்டுமே. மனக்கணக்குக்கு இது போதும்: 30 பாகை என்றால் காற்றின் பாதி, 45 என்றால் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, 60 தாண்டினால் முழுவதும் பக்கக் காற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 152 இன் கைநூலில் 12 நொட், 172 இல் 15 நொட் வரை பக்கக் காற்றில் இறக்கிக் காட்டியதாகப் போட்டிருக்கும். அது தொழிற்சாலை விமானி இறக்கிக் காட்டியது, உங்களுக்குத் தந்த அனுமதி அல்ல. சொலோவுக்கு உங்கள் பயிற்றுநர் போட்டுத்தந்த எல்லை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை மடியில் கட்டும் பலகையில் எழுதி வையுங்கள். டவர் காற்றைச் சொல்லும்போது அந்த எண்ணைப் பாருங்கள்.

நான் வெள்ளவத்தையில் 101 பஸ்ஸுக்கு நிற்கும்போதே கடற்பக்கத் தென்னைகளைப் பார்த்துவிடுவேன். ஓலை எல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்டதுபோல நின்றால் அன்று பின்னேரம் வேண்டாம், காலைக்கு மாற்றிக் கேட்பேன். முதல் பத்துச் சொலோவையும் காலையில் செய்வதில் எந்த வெட்கமும் இல்லை.

படி 2: பக்கத்துச் சீட் காலியாக இருப்பதை மறக்காதீர்கள்

152 இன் உச்ச எடை 757 கிலோ. 70 கிலோ பயிற்றுநர் இறங்கிப்போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது. ஏறும்போது லிஃப்ட் மாதிரி ஏறும், எல்லாருக்கும் அது பிடிக்கும். இறங்கும்போது அதே இலேசான விமானம் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கணக்குப் பார்த்தால், இருவரோடு 60 நொட்டில் வந்த அதே நிலைக்குத் தனியே 57 போதும். வேகத்தை நீங்களாகக் குறைக்கச் சொல்லவில்லை. கூடுதலாக மிதக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள், மிதந்தால் அமுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கொழும்பின் வெப்பமும் ஒரு பங்கு எடுக்கும். 32 பாகை வெயிலில், கடல் மட்டத்தில் நின்றாலும் விமானம் ஏறத்தாழ 2000 அடி உயரத்தில் இருப்பதாகவே உணர்கிறது. வேகமானி அதே எண்ணைக் காட்டும், தரை மட்டும் சற்று வேகமாக ஓடும். ஈரக் காற்றில், கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கார்ப் ஹீட்டையும் மறந்துவிடாதீர்கள். இவ்வளவு சூட்டில் கார்புரேட்டரில் ஐஸ் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், வரும். குறைந்த பவரில் இறங்கும்போது 25, 30 பாகையிலும் வரும். டவுன்விண்டில், அதாவது பாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போது, பவரைக் குறைக்கும் முன்பே இழுத்துவிடுங்கள்.

அப்புறம் சீட். செஸ்னாவில் சீட் தண்டவாளத்தில் பின்னால் வழுக்கிப்போன சம்பவங்கள் உண்டு. பூட்டியதும் ஒருமுறை உடம்பால் தள்ளிப் பாருங்கள்.

படி 3: 300 அடியில் ஒரு தீர்ப்பு

நல்ல தரையிறக்கம் ஃபைனலிலேயே, பாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசித் துண்டிலேயே, முடிவாகிவிடுகிறது. மோசமானதும் அப்படித்தான். 300 அடியில் வாய்விட்டு நான்கு கேள்வி கேட்பேன். வேகம் சரியா? நடுக்கோட்டில் இருக்கிறேனா? இறங்கும் வீதம் நிதானமா? ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே விடும் தகடு) இறக்கி முடிந்ததா? ஒன்றுக்கு "கிட்டத்தட்ட" என்று பதில் வந்தாலும் திரும்ப ஒரு சுற்று.

வேகத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 60 நொட்டில் வரவேண்டிய இடத்துக்கு 70 இல் வந்தால் பத்துத்தானே கூட என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது, அந்தப் பத்து நொட் 36 வீதம் கூடுதல் ஆற்றல். அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பாதைமேல் மிதந்து செலவாகும், அல்லது நீங்கள் அவசரப்பட்டுத் தரையில் அமுக்கினால் துள்ளலாகச் செலவாகும். நான் முன்சக்கரத்தை வளைத்த அன்று 300 அடியில் 72 இல் இருந்தேன். பார்த்தேன், "குறைந்துவிடும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

குறையவில்லை.

படி 4: கடைசி 20 அடி

ஃபிளேர், அதாவது தொடுமுன் மூக்கைச் சற்றுத் தூக்கி இறக்கத்தை மெதுவாக்குவது, தொடங்கும்போது கண்ணை மூக்குக்கு முன்னாலுள்ள தாரிலிருந்து எடுத்துப் பாதையின் தொலை முனைக்குக் கொண்டுபோங்கள். கிட்டப் பார்த்தால் தரை பாய்ந்து வருவதுபோல இருக்கும், கை தானாக இழுத்துவிடும். த்ரொட்டிலை மெதுவாக மூடுங்கள், மூடிய பிறகும் கை அதிலேயே இருக்கட்டும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், விமானத்தை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்து, அது இனி முடியாது என்று தானாகப் பிரதான சக்கரங்களில் உட்கார வேண்டும்.

இழுத்தது கூடிப்போய் விமானம் மேலே எழும்பினால் அதைப் பலூனிங் என்பார்கள். சின்னதாக இருந்தால் யோக்கை அப்படியே வைத்திருங்கள், ஒரு சொட்டுப் பவர் கொடுங்கள், திரும்ப இறங்கத் தொடங்கியதும் ஃபிளேரைத் தொடருங்கள். பெரிதாக இருந்தால் யோசனையே வேண்டாம், படி 6.

பக்கக் காற்றில் நண்டுபோல மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு வருகிறோம், ஆனால் நண்டாகவே தரையைத் தொட முடியாது, சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். தொடுவதற்கு முன், பெடலால் இயக்கும் வால் சுக்கானான ரட்டரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்குங்கள், யோக்கைத் திருப்பி இறக்கை ஓரத்து ஏலரனால் காற்று வரும் பக்க இறக்கையைச் சற்றுத் தாழ்த்துங்கள், அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொடட்டும். வல்வெட்டித்துறைப் பக்கம் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது விளங்கும். காற்று ஒரு பக்கம் தள்ளத் தள்ள நூலை மறுபக்கம் பிடித்துக்கொண்டே இருப்போமே, ஒருமுறை இழுத்துவிட்டுக் கைவிடுவதில்லை. தொட்ட பிறகும் ஏலரனை விடாதீர்கள். வேகம் குறையக் குறைய ஏலரனின் பிடி தளரும், ஆகவே இன்னும் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் முழுவதுமாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

படி 5: துள்ளிவிட்டது

இந்த ஒரு பந்தியைப் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகை பாருங்கள். துள்ளியதும் மூக்கை அமுக்காதீர்கள், எறியப்பட்ட மூக்கைத் துரத்தவும் வேண்டாம். இறங்கும்போது வைத்திருந்த அதே நிலைக்கு மூக்கைக் கொண்டுவந்து பிடித்து வையுங்கள். ஓர் அடி, இரண்டு அடித் துள்ளல் என்றால் அது தானாக வந்து உட்காரும், கொஞ்சம் பவர் கொடுத்தால் இன்னும் மென்மையாக உட்காரும். அதற்கு மேல் என்று தோன்றினால், அல்லது இது எத்தனை அடி என்ற சந்தேகமே வந்தால், கோ அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு ஏறித் திரும்ப ஒரு சுற்று. இரண்டாவது தட்டலுக்குப் பிறகும் விமானம் காற்றில் இருக்கிறதா? அளவெல்லாம் பார்க்க வேண்டாம், கோ அரவுண்ட். மூன்றாவதைப் பார்க்க நான் இருந்தேன், நீங்கள் இருக்க வேண்டாம்.

உயரமான துள்ளலின் உச்சியில் வேகம் கரைந்துகொண்டிருக்கும். மூக்கு மேலே, பவர் இல்லை, பத்தடி உயரம். அங்கே ஸ்டோல் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், மீட்க இடம் கிடையாது. அதனால்தான் வலது கை த்ரொட்டிலிலேயே இருக்க வேண்டும், தேடிப் பிடிக்க நேரம் இல்லை.

படி 6: கோ அரவுண்ட், வரிசை தப்பாமல்

த்ரொட்டிலை முழுவதும் தள்ளுங்கள். கார்ப் ஹீட்டை உள்ளே தள்ளுங்கள். முழுப் பவர் வந்ததும் மூக்கு மேலே துள்ளும், இறங்கும் வேகத்துக்கு ட்ரிம் செய்து, அதாவது யோக்கின் பாரத்தைச் சமப்படுத்தி வைத்திருப்பதால் எதிர்பார்த்ததைவிடப் பலமாகவே துள்ளும், முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். கூடவே இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர் போடுங்கள். பிறகு ஃபிளாப்பை 30 பாகையிலிருந்து 20 க்கு எடுங்கள், 20 க்கு மட்டும். 55 நொட் கிடைத்து ஏறத் தொடங்கியதும் மிச்சத்தை மெதுவாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இழுவையில் மேலே எடுத்தால் விமானம் காலுக்குக் கீழிருந்து பலகையை உருவியதுபோலத் தொப்பென்று அமிழும். கடைசியில்தான் ரேடியோ. டவர் காத்திருக்கும்.

பாதையை ஒட்டிப் பறக்கும்போது, அதாவது இறக்கையின் நீளமளவு உயரத்துக்குள், 152 க்கு அது சுமார் 10 மீட்டர், விமானம் குறைந்த வேகத்திலும் மிதந்துகொண்டிருக்கும். அதை நம்பி அங்கிருந்தே மூக்கைத் தூக்கி ஏறப்பார்க்க வேண்டாம். மட்டமாகப் பிடித்து வேகம் சேர்த்துக்கொண்டு ஏறுங்கள்.

செய்முறை இவ்வளவு சுலபம் என்றால் ஏன் செய்வதில்லை? என் கதையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் காசு. அப்பாவின் சேமிப்பு, மாமா கனடாவிலிருந்து அனுப்பியது, எல்லாம் நிமிடக் கணக்கில் எரிகிறது. கீழே சகமாணவர்கள் நிற்கிறார்கள். வேலிக்கு வெளியே அம்மா. பின்னால் யாழ்ப்பாணம் போகும் விமானம் ஒன்று வரிசையில் நிற்கிறது, விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறது, நாம் போய் எல்லாரையும் தாமதப்படுத்துவதா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை ஒரு முன்சக்கரக் கால். எனவே பயிற்றுநரோடு பறக்கும்போதே, நன்றாக வந்துகொண்டிருக்கும் தரையிறக்கத்திலும் வேண்டுமென்றே கோ அரவுண்ட் கேட்டுப் பழகுங்கள். 300 அடியில் ஒன்று, 50 அடியில் ஒன்று, சக்கரம் தொட்ட பிறகு ஒன்று. கைக்குப் பழகிவிட்டால் வெட்கம் யோசித்து முடிப்பதற்குள் கை தள்ளிவிடும்.

படி 7: மூன்று சக்கரமும் தரையில், இன்னும் முடியவில்லை

குதிகால் தரையில் இருக்கட்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டயர் தேய்ந்து வெடிக்கும். முன்சக்கரத்தை இறக்குமுன் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பெடலோடு முன்சக்கரமும் திரும்புவதால், ஒரு பக்கம் மிதித்தபடி அதை இறக்கினால் விமானம் அந்தப் பக்கமே பாயும், அடுத்தது புல்தான். தரையில் ஒட்டவைக்கிறேன் என்று யோக்கை முன்னால் தள்ளவும் கூடாது. எடை முன்சக்கரத்துக்குப் போய், விமானம் ஒற்றைச் சக்கர வண்டியாகிவிடும்.

மழை பெய்து ஓய்ந்த பாதையில் ஒரு கணக்கு. டயர் தண்ணீர்மேல் வழுக்கத் தொடங்கும் வேகம், டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் வரும். 152 இன் பிரதான டயரில் 21 பிஎஸ்ஐ, ஆக 41 நொட். தண்ணீர் தேங்கி நின்றால், நாம் தொடும் வேகத்தில் டயர் தாரைத் தொடாமலே இருக்கலாம், பிரேக் வெறும் அலங்காரம். யோக்கைப் பின்னால் இழுத்துவைத்து, காற்றே வேகத்தைக் குறைக்கட்டும் என்று பொறுத்திருங்கள்.

படி 8: ஏதாவது ஆகிவிட்டால்

பலமாக அடித்த விமானத்தைத் திரும்ப மேலே கொண்டுபோகாதீர்கள், "ஒன்றும் ஆகவில்லை" என்று ஓட்டிக்கொண்டு பார்க்கிங்குக்குப் போகவும் அவசரப்பட வேண்டாம். அதிர்வு இருந்தால், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், ஓரமாக நிறுத்தி டவருக்குச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள், எரிபொருளை மூடுங்கள், மாஸ்டர் சுவிட்சையும் நிறுத்துங்கள். சக்கரத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுவார்கள். நீங்கள் ப்ரொபெல்லர் நுனியைப் பாருங்கள், சிராய்ப்பு இருந்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வோல் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், முன்சக்கரம் வாங்கிய அடி அங்கேதான் போய்ச் சேரும். என்னுடையதில் அந்தச் சுருக்கம் கைவிரல் நீளத்துக்கு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

மறைக்காதீர்கள். பயிற்றுநருக்குச் சொல்லுங்கள், தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்குப் போக வேண்டிய அறிக்கையா இல்லையா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். நீங்கள் எழுதாமல் விட்டால் அடுத்து அதில் ஏறும் ஆள் இன்னொரு மாணவன்.

எனக்கு மூன்று வாரம் சொலோ நின்றது. பயிற்றுநரோடு ஆறு தடவை பறந்தேன், தரையிறங்கியதைவிடக் கோ அரவுண்ட் போனதுதான் கூட. திரும்பத் தனியே விட்ட அன்று காலையில் முதல் சுற்றிலேயே ஃபைனலில் 70. தள்ளிவிட்டு ஏறிப் போனேன். அம்மா வேலிக்கு வெளியே வழக்கமான இடத்தில்தான் நின்றார், பிள்ளை இறங்க மறந்துபோய்விட்டான் என்று நினைத்தாராம்.